பாக்கெட் சோறும் மாரப்பனின் நோட்டீஸும்

பல்லடத்துக்குக் கிழக்கே, பனியன் கம்பெனிகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓர் அன்னசாலை இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கே சோறு உண்டு. பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை.

அதை நடத்தியவரைச் சாலையார் என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து, கரையேறி, இங்கே வந்து அடுப்பு மூட்டியவர். காவி கிடையாது, தாடி கிடையாது. ஒரு லுங்கி, தோளில் ஒரு துண்டு. ஆனாலும் நாலு ஊர் தள்ளியிருந்து ஆட்கள் வந்து, மனசில் கிடப்பதை அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் மாரப்பன். குருவைவிட இருபது வயது பெரியவர். சீடன் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மில் தொழிலாளிகளுக்காக நாற்பது வருஷம் கொடி பிடித்தவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. மீதிப் படிப்பையெல்லாம் கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸ்களிலேயே படித்து முடித்தார். பிறகு தானே எழுத ஆரம்பித்தார்.

மில்கள் மூடின. அவரோடு நின்றவர்கள் சிலர் கவுன்சிலர் ஆனார்கள், சிலர் காண்ட்ராக்டர் ஆனார்கள். மாரப்பன் மாரப்பனாகவே இருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பசியோடு வந்து பந்தியில் உட்கார்ந்தவர், ஊரில் தன்னைவிடக் குறைவாகப் பேசியும் அதிகமாகக் காரியம் நடத்துகிற மனிதர் ஒருவர் இருப்பதைப் பார்த்து வியந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டார். பந்தியில் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு ஏற்ற குரல் அவருக்கு இருந்தது.

ஒரு நாள் காலை மாரப்பன் ஒரு கட்டு நோட்டீஸோடு வந்தார். சாலையார் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"படிக்கட்டுங்களா?"

"படிங்க, தலைவரே."

மாரப்பன் எழுந்து நின்றார். உட்கார்ந்து படிக்க அவருக்கு வராது.

"உழைக்கும் தாய்மார்களே! உறைந்த சோறு உறைய வைக்கும் உங்கள் ரத்தத்தை! மைனஸ் பதினெட்டு டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்ததையா பெற்ற பிள்ளைக்கு ஊட்டுகிறீர்கள்? வீசி எறியுங்கள் பாக்கெட்டை! ஏற்றி வையுங்கள் உலையை!"

"சத்தம் நல்லா இருக்குது."

"சத்தம் மட்டும் இல்லீங்க. உப்பு எவ்வளவு, பாமாயில் எவ்வளவு, எல்லாம் அவனுங்க அட்டையிலிருந்தே எடுத்துப் போட்டிருக்கேன். ஒரு பொய் கிடையாது."

"அட்டை இருக்குதுங்களா?"

மாரப்பன் சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் ஆவி பறக்கிற சாம்பார் சாதம். சாலையார் அதைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தார்.

"சூடு பண்ண எத்தனை நிமிஷம்னு போட்டிருக்குது?"

"ஏழு."

"உங்க நோட்டீஸ்ல எத்தனை நிமிஷம்னு போட்டிருக்குது?"

மாரப்பன் நோட்டீஸின் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"நோட்டீஸ்ல எதுக்குங்க நிமிஷம்?"

சாலையார் மறுபடியும் பூசணிக்காயைக் கையில் எடுத்தார்.

மாரப்பன் போகவில்லை. நோட்டீஸ் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். அவர் மனசில் கிடந்தது வேறு.

அவருக்கு ஒரே மகள், கனல்மொழி. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்சனில் வேலை. மருமகன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பேத்திக்கு ஏழு வயது. ரித்திகா என்று பேர் வைத்தபோதே மாரப்பனுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை "அப்புச்சி" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் எல்லாம் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் முன்பு தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேலே ஃப்ரீசரில் பதினொரு பாக்கெட் அடுக்கியிருந்தது. சாம்பார் சாதம், தக்காளி சாதம், வெஜிடபிள் பிரியாணி. மாரப்பன் பதினொன்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தெருவில் இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டினார். கொட்டியதோடு விடவில்லை. தெருவைக் கூட்டி வைத்துக் கால் மணி நேரம் பேசினார்.

கனல்மொழி வாசலில் நின்று கேட்டாள். அவர் முடித்த பிறகு சொன்னாள்:

"பதினொரு பாக்கெட் இல்லீங்கப்பா. அது எனக்குப் பதினொரு நாளு. அத்தனையும் குப்பையில போட்டுட்டீங்க. இனி இந்தப் படி ஏறாதீங்க."

அன்றிலிருந்து பேத்தியைப் பார்க்கவில்லை. நோட்டீஸ் அந்த மூன்று வாரத்தில் எழுதியதுதான்.

"இது ஜெயிக்கணுங்க," என்றார் மாரப்பன். "அவ கம்பெனி கேட்டுலயே குடுக்கப் போறேன். ஊரே சரின்னு ஒத்துக்கிட்டா அவளும் ஒத்துக்கிட்டுத்தானுங்களே ஆகோணும்? கதவு தன்னால திறந்துரும்."

சாலையார் அரிந்த பூசணிக்காயைக் குண்டானில் அள்ளிப் போட்டார்.

"போயிட்டு வாங்க, தலைவரே."

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கம்பெனி கேட் திறந்தது. பஸ் நிற்கிற இடத்தில் மாரப்பன் வாடகைக்குப் பிடித்த ஆட்டோ நின்றது. மேலே ஒலிபெருக்கி, பக்கத்தில் கொடி. பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டபடி வந்தார்கள். மாரப்பன் ஆளுக்கொன்று நீட்டினார்.

"ஏனுங்ணா, தள்ளுபடி நோட்டீஸுங்களா?"

"இல்லம்மிணி. விழிப்புணர்வு நோட்டீஸ்."

"அதுக்கு எத்தனை பர்சன்ட் தள்ளுபடி?"

சிரிப்பு கிளம்பியது. சரசாள் என்று ஒருத்தி, கட்டையாக, குரல் பெரிசாக. நோட்டீஸை உரக்கப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"உலையை ஏத்தி வைக்கச் சொல்றீங்களே, தலைவரே. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க வந்து ஏத்தி வச்சிருப்பீங்களா?"

"அதைத்தான் பேசப் போறேன், கேளுங்க," என்று மாரப்பன் மைக்கைப் பிடித்தார்.

பேசினார். அரிசியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். குளிர்பதன முதலாளிகள் யார், அவர்களுக்குப் பின்னால் யார், அவர்களுக்கும் பின்னால் யார் என்று போனார். கூட்டம் கலையவில்லை. எண்பது பேர் இருக்கும். ஒருத்திகூட அசையவில்லை. பத்து வருஷமாக இப்படி ஒரு கூட்டம் அவருக்கு நின்றதில்லை. குரல் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. நாற்பது நிமிஷம் பேசி, "சிந்திப்பீர்!" என்று முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சே முக்கால் பஸ்ஸு எங்கடி?" என்றாள் ஒருத்தி.

சரசாள் செல்போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"வராது. கண்டக்டர்கிட்டயே கேட்டுட்டேன். இந்த ஆட்டோவும் கொடியும் தூரத்துலயே தெரிஞ்சுதாம். 'மாரப்பன் மறியல்ல உக்காந்துட்டாரு'ன்னு டிரைவர் பைபாஸ்ல திருப்பிட்டாராம். அடுத்தது ஏழு மணிக்கு."

அது பொய்யில்லை. அதே முக்கில் பதினைந்து வருஷம் முன்பு மாரப்பன் ஆறு மணி நேரம் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர்கள் மறக்கவில்லை. எண்பது பேரும் பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தார்கள்.

கேட்டுக்கு எதிரே ஒரு கடை. கடைக்குள் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி. முதலில் சரசாள் போனாள். பின்னாலேயே நாலு பேர். பிறகு வரிசையே நின்றுவிட்டது. மாரப்பன் பந்தியில் நிறுத்துகிற வரிசைகூட அவ்வளவு ஒழுங்காக நிற்காது. கால் மணி நேரத்தில் பெட்டியின் அடியில் கிடந்த ஐஸ்தான் மிச்சம்.

கடைக்காரர் வெளியே வந்து மாரப்பனைக் கும்பிட்டார்.

"அண்ணா, வாரம் ஒருக்கா வந்து பேசுங்க."

வரிசையின் கடைசியில் கனல்மொழி நின்றாள். கடைசியாக இருந்த இரண்டு பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நேராக ஆட்டோவுக்கு வந்தாள்.

"பேசி முடிச்சாச்சுங்களா?"

"கனலு..."

"பாப்பா வேன்ல எறங்கி நாலரையிலிருந்து பக்கத்து வீட்டுல உக்காந்திருக்குது. எட்டு மணிக்குப் போய் நான் உலை ஏத்தறதுங்களா?"

"அதுல உப்பு..."

"உப்பு எனக்குத் தெரியும். அட்டையைப் படிச்சுட்டுத்தான் வாங்கறேன். எதையும் படிச்சுட்டு வாங்கோணும்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

மாரப்பன் மீதி நோட்டீஸ் கட்டை ஆட்டோ சீட்டில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அம்மா இருந்த வரைக்கும் முப்பது வருஷம் உங்க தோழருங்களுக்கு ஆக்கிப் போட்டுச்சு. சொல்லாம கொள்ளாம இருபது பேரைக் கூட்டிட்டு வருவீங்க. அது ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். கையிலிருந்த மைக் லேசாக ஊளையிட்டது. அது அணையவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மகள் கேட்டதெல்லாம் முக்கு முழுக்க ஒலித்திருக்கிறது. கடை வாசலிலும் சாலை ஓரத்திலும் பெண்கள் அப்படியே நின்றிருந்தார்கள். இந்தத் தடவை எண்பது பேரும் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை மாரப்பன் அன்னசாலைக்கு வந்தபோது சாலையார் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஒரே வார்த்தையில பதில் வேணும். பாக்கெட் சோறு நல்லதுங்களா, வீட்டுச் சோறு நல்லதுங்களா?"

"வீட்டுச் சோறு."

மாரப்பன் நிமிர்ந்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்களே?"

"சரிதான்."

"பின்ன ஏனுங்க தோத்தேன்?"

சாலையார் களைந்த நீரை வடித்தார்.

"உங்களுக்கு என்ன ஆக்கத் தெரியும், தலைவரே?"

மாரப்பன் அறுபத்தைந்து வருஷத்தைத் தோண்டிப் பார்த்தார்.

"வெந்நீர் வைப்பேன்."

"அதைத்தான் பாக்கெட்காரனும் வைக்கச் சொல்றான்."

சொல்லிவிட்டு ஒரு கூடையைக் காலால் தள்ளினார். கூடை நிறையச் சின்ன வெங்காயம்.

"உரிங்க. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு அரிசிம்பருப்பு ஆக்கலாம்."

மாரப்பன் உட்கார்ந்தார். கண்ணீர்ப் புகைக் குண்டுக்கே அசையாத மனிதர் அன்று கேவிக் கேவி அழுதார். நகக்கண் எரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உரித்ததை அள்ளிப் பார்த்தால் ஒரு குண்டான் அடி நிறையவில்லை.

இரண்டாம் நாள் பருப்பில் கல் பொறுக்கினார். மூன்றாம் நாள் தாளித்தார். மிளகாய் கருகி ஊரே இருமியது. நாலாம் நாள் அடி பிடித்தது. சாலையார் தேய்க்கிற தேங்காய் நாரைக் கையில் கொடுத்தார். அந்த அண்டாவுக்குள் மாரப்பன் இடுப்புவரை குனிந்து தேய்க்கும்போது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"முப்பத்தேழு நாள் ஜெயில்ல இருந்தவன் நான்!"

"அங்க யாரு தேச்சா?"

குரல் நின்றது. தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் அவராகவே கேட்டார்.

"தண்ணி எவ்வளவுங்க?"

"ஒண்ணுக்கு மூணு. பழைய அரிசின்னா மூணரை."

மாரப்பன் காத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

"இதுல தத்துவம் ஒண்ணும் இல்லீங்களா?"

"குக்கர்னா மூணு விசில்."

ஆறாம் நாள் இருவரும் அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாரப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நீங்க அந்தப் பாக்கெட் சோறு தின்னிருக்கீங்களா?"

"கப்பல்ல பத்து வருஷம் அதான். மீனு, பட்டாணி, ரொட்டி, எல்லாம் கல்லாட்டம் வரும். உருக்கிக் குடுக்கறதுதான் என் வேலை."

"எப்படி இருந்துச்சு?"

"பசிக்கு நல்லா இருந்துச்சு."

மாரப்பன் இதற்கு மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். விறகைத் தள்ளிவிட்டார்.

ஒன்பதாம் நாள் பந்திக்கு அவர் ஆக்கிய அரிசிம்பருப்புதான். பரிமாறிவிட்டு, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போனார்கள்.

"யாருமே ஒண்ணும் சொல்லலீங்களே?"

"இலையில மிச்சம் கிடக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இலையை எடுங்க. அடுத்த பந்தி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் மகள் வீட்டுக்குப் போனார். படி ஏறவில்லை. தெருவில் வெயிலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். கனல்மொழி துவைத்த துணியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்கு எதைத் தூக்கி எறியறதா உத்தேசம்?"

"அரிசிம்பருப்பு ஆக்கக் கத்துக்கிட்டேன், சாமி."

"யாரு?"

"நான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நகம் கறுத்திருந்தது. முன்னங்கையில் எண்ணெய் தெறித்து இரண்டு கொப்புளம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பித் துணியை உதறினாள்.

"பாப்பாளுக்கு ஒரே ஒரு நாள் ஆக்கிக் குடுத்துட்டுப் போறேன். அப்புறம் உன் இஷ்டம்."

ஒவ்வொன்றாகத் துணியைக் காயப்போட்டு முடித்தாள்.

"புதன்கிழமை எனக்கு ஓவர்டைம். வர எட்டு ஆயிரும். வேன் நாலரைக்கு வரும். சாவி பக்கத்து வீட்டுல இருக்கும்." விரலை மடக்கினாள். "பிரசங்கம் கூடாது. ஃப்ரிட்ஜைத் தொடக் கூடாது."

"சரி."

வாழ்க்கையில் எந்த முதலாளியின் நிபந்தனைக்கும் மாரப்பன் அப்படி ஒரே சொல்லில் கையெழுத்துப் போட்டதில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டார். வெங்காயம் உரித்தார். பருப்பை வறுத்தார். சீரகம், மிளகு, பூண்டு, தக்காளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மூன்று விசில். நெய் ஒரு கரண்டி. வாசம் தெருவரை போனது. வேனிலிருந்து இறங்கிய பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

"அப்புச்சி! நீங்க வரவே மாட்டீங்கன்னு நினைச்சேன்!"

"வந்துட்டேன், கண்ணு."

தட்டில் போட்டு வைத்தார். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ரித்திகா கிளறினாள்.

"இதுல ஏன் வெங்காயம் கண்ணுக்குத் தெரியுது?"

"போட்டா தெரியும்தானே?"

"பாக்கெட்டுல தெரியாது."

ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் வைத்தாள். மூன்றாவதுக்குத் தட்டைத் தள்ளினாள்.

"பாக்கெட்தான் நல்லா இருக்குது, அப்புச்சி."

மாரப்பனுக்கு உள்ளே ஒரு கூட்டமே எழுந்து நின்றது. சோடியம் எழுந்தது. பாமாயில் எழுந்தது. மைனஸ் பதினெட்டு டிகிரி எழுந்தது. நாக்கு நுனிக்கு வந்த முதல் வாக்கியத்தை அவர் பல்லைக் கடித்து உள்ளே இறக்கினார்.

"பசிக்குதா, கண்ணு?"

"ம்."

எழுந்தார். ஃப்ரிட்ஜ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே ஃப்ரீசரைத் திறந்து ஒரு வெஜிடபிள் பிரியாணியை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையின் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார். வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, கல்லாகக் கிடந்ததைப் போட்டு மூடினார். அது தளர்ந்து உதிர்வதைப் பார்த்தார். அடி பிடிக்காமல் கிளறினார். இப்போது அவருக்குக் கிளறத் தெரிந்திருந்தது.

பிள்ளை முழுத் தட்டையும் காலி செய்தது. சாப்பிட்டுக்கொண்டே வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சருக்குக் கல்யாணம் என்று எல்லாம் சொன்னது. மாரப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார்.

எட்டு மணிக்குக் கனல்மொழி வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. பையை வைத்தாள். குப்பைக் கூடையில் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

"இதை யாரு பண்ணினது?"

"நான்தான். ஃப்ரிட்ஜைத் தொட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். குக்கர் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம். மாரப்பன் எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்தார். அவள் மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு. அவளுடைய அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள். அன்றெல்லாம் அவர் முன்அறையில் தோழர்களோடு உட்கார்ந்து உலகத்தைப் பேசிக்கொண்டிருந்தார்.

மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தார்.

அவள் முக்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"உப்பு கம்மி."

வியாழக்கிழமை காலை சாலையார் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது மாரப்பன் வந்து எதிரே உட்கார்ந்தார். நோட்டீஸ் இல்லை. கை தானாக ஒரு காயை எடுத்து நார் உரித்தது.

"தோத்துட்டேனுங்க."

"பாப்பா சாப்பிட்டாளா?"

"பாக்கெட்டைச் சாப்பிட்டா. நானே என் கையால சூடு பண்ணிக் குடுத்தேன். இந்தக் கையால."

"மக?"

"ரெண்டு தடவை போட்டுக்கிட்டா. உப்பு கம்மின்னா."

"கிளம்பறப்போ என்ன சொன்னா?"

"என்னத்தைச் சொன்னா? 'இனி வராதீங்க'ன்னும் சொல்லலை. 'வாங்க'ன்னும் சொல்லலை." மாரப்பன் நாரை வீசினார். "வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் போட்டிருக்கானாம். வர எட்டு ஆயிரும்னா. அவ்வளவுதான். சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா."

"ஓ."

"வாரத்துல ரெண்டு நாளுங்க! பொட்டப் புள்ளைங்களை ஏழு மணி வரைக்கும் நிக்க வச்சு உறிஞ்சறானுங்க. சட்டம் என்ன சொல்லுது தெரியுங்களா? இதை விடக் கூடாது. இன்னைக்கே உக்காந்து ஒரு நோட்டீஸ் எழுதப் போறேன்."

அவர் எழுந்துவிட்டார். குரல் பழைய உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க," என்றார் சாலையார். "எழுத வேண்டியதுதான்."

முற்றிய காய் ஒன்றைத் தனியே எடுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமைக்கு என்ன ஆக்கப் போறீங்க, தலைவரே?"